கொதிநீர் ஊற்றிய பாட்டில்

மார்ச் 3, திங்கள்

எழுபத்தொரு வயதில் நாட்குறிப்பு எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை! தினமும் இரண்டு வரி எழுதச் சொன்னார் மாலை வகுப்பு டீச்சர். ‘ஞ’ போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அது எழுத்தா, சுருண்டு படுத்த பூனையா?

பேத்தி பொடிசுக்கு இன்றும் வயிற்றுப்போக்கு. நான்கு தடவை.

மார்ச் 4, செவ்வாய்

பஸ் முகப்பைப் படித்து ஏறினேன். இத்தனை வருஷம் நிறத்தைப் பார்த்து ஏறிய ஆள் நான். கண்டக்டரிடம் சொன்னேன். “அப்போ டிக்கெட்டையும் படிங்க பெருசு” என்றார். படித்தேன்.

மார்ச் 8, சனி

மகளோடு குழந்தை டாக்டரிடம் போனோம். மாப்பிள்ளை லாரியில் போனால் பத்து நாள் ஆகும், துணைக்கு நான்தான். பொடிசுக்கு இரண்டே கால் வயது. எடை ஒன்பது கிலோ இருநூறு. தோலில் வேறு தடிப்பு. ஆறு மாதமாக மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று.

டாக்டரம்மா பொறுமைசாலி. குடலில் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றனவாம். சோறு செரிக்க அவைதான் துணை. பொடிசுக்கு அவை சரியாக வேர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். “பிறந்ததுலேர்ந்து பால் எதுல குடுத்தீங்க?”

“பிளாஸ்டிக் பாட்டில்தான் மேடம்” என்றாள் மகள்.

சில பிளாஸ்டிக்கில் சூடு பட்டால் ஏதேதோ பாலில் இறங்குமாம். பச்சைக் குழந்தையின் குடல் கிருமிகளை அது கெடுக்கலாமாம். “எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க. இவளுக்கு அதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது.”



அந்தப் பாட்டிலை வாங்கியவன் நான். பிளாஸ்டிக் அரவைக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் தரம் பிரித்தவன். தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும், கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும், அதுதான் உசத்தி. ஒன்பது கடை ஏறி இறங்கி, பாட்டில் பாட்டிலாகக் காதருகே வைத்துத் தட்டி வாங்கினேன். கடைக்காரர், “பாட்டில் வாங்க வந்தீங்களா, கச்சேரி கேக்க வந்தீங்களா?” என்றார்.

மார்ச் 12, புதன்

படிக்க வீட்டில் எதுவும் மிச்சமில்லை. பருப்புப் பை, தைல டப்பா, எல்லாம் ஆயிற்று. அலமாரி மேல்தட்டில் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. மகள் அதில் பொடிசின் முதல் சட்டையை வைத்திருக்கிறாள். அடியில் மடித்த காகிதம் ஒன்று. எத்தனையோ மொழி, கடைசியில் நம் எழுத்து. “கொ-தி-க்-கும் தி-ர-வ-த்-தை.” திரவம்! புதுச் சொல், தடுக்காமல் படித்துவிட்டேன். சந்தோஷத்தில் அடுத்த வரிக்கும் போனேன்.

கொதிக்கும் திரவத்தை ஊற்றக் கூடாது. கீறல் விழுந்தால், மங்கினால் பயன்படுத்தக் கூடாது.

மறுபடி படித்தேன். விரல் வைத்துப் படித்தேன்.

மகள் வேலைக்குத் திரும்பியபோது பொடிசுக்கு நாலு மாசம். அன்றிலிருந்து ஒன்றரை வயது வரைக்கும் பால் கலக்கினது நான். தளதளன்னு கொதிக்கிற தண்ணியைத்தான் ஊத்தினேன். சூடா இருந்தா கிருமி சாகும்னு நெனச்சேன். பாட்டில் மங்கிப்போச்சே, அதைப் பார்த்தேனே. கம்பி பிரஷ்ஷால தேச்சேனே. நல்லாத் தேய்டா, நல்லாத் தேய்டான்னு...

எது செத்தது?

மார்ச் 13, வியாழன்

எழுதவில்லை. இதுதான் இன்றைய வரி.

மார்ச் 15, சனி

இனிமேல் நிறுத்தலாம் என்றால் எதை நிறுத்துவது? பாட்டிலை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறாள். பொடிசு என் மீசையைப் பிடித்து இழுத்து, “தாத்தா அழு” என்கிறாள். நான் பொய்யாக அழுது காட்டினால் சிரிப்பாள், அதற்காக. இன்றைக்குச் சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னால் மகள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டுப் போவாளா? பொடிசை எடுத்துப்போய்க் காப்பகத்தில் விட்டுவிட்டால்? சொல்லாமல் எப்படி இருப்பது?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காகிதத்தை நீட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா இது?”

“படிம்மா.”

படித்தாள். எனக்கு அரை மணி ஆனது, அவளுக்கு ஒரு மூச்சு.

“கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்தினேன் பாப்பா. ஒரு நாள் தவறாம. படிக்கத் தெரியாத முண்டம்மா நான்.”

மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, “பெட்டியைப் பிரிச்சது நான்தான்ப்பா. இந்தப் பேப்பரை உள்ள தள்ளினதும் நான்தான். எனக்குப் படிக்கத் தெரியும்ல?” என்றாள்.



மார்ச் 17, திங்கள்

காலையில் பொடிசை என் மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வழக்கமாகச் சொல்லும் “பார்த்துக்கோங்கப்பா” இல்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 5, சனி

ஆஸ்பத்திரியில் புதுப் படிவம் கொடுத்தார்கள். ‘பிறந்தது முதல் பால் கொடுத்த முறை’ என்று ஒரு கட்டம். மகள் பேனாவை என்னிடம் நீட்டினாள். “நீங்கதானே குடுத்தீங்க. நீங்களே எழுதுங்கப்பா.”

எழுதினேன். என்ன பாட்டில், எத்தனை மாதம், தண்ணீர் எவ்வளவு கொதித்தது, எதனால் தேய்த்தேன், எல்லாம். கட்டம் தீர்ந்தது, ஓரத்தில் எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. “பெரியவரே, ரெண்டு வார்த்தை போதும், நகருங்க” என்றார் நர்ஸ்.

மகள் பொடிசை இடுப்பில் மாற்றிக்கொண்டு, எனக்கும் வரிசைக்கும் நடுவில் வந்து நின்றாள். “அவர் முடிக்கட்டும்” என்றாள்.

முடித்தேன். டாக்டரம்மா முழுவதையும் படித்தார். மருந்தை மாற்றவில்லை.

எடை ஒன்பது கிலோ இருநூறு.