பெட்டியைத் தட்டினார்கள்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று தேற்றாத்தீவுக் கடற்கரையில் எங்கள் ரெகே இசை நிகழ்ச்சி. வழக்கமாக மச்சான் சுரேன் மைக்கில் பேசுவான், நான் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து பாட்டுப் போடுவேன். இன்று அவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"நீ பேசு மச்சாள். பெட்டிக்குப் பின்னால உன்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் கையுயர்த்திக் கேள்வி கேட்காதவள் நான். மைக்கை வாங்கினேன். போன கிழமை முழுக்க இதே ஸ்பீக்கர் செட் கோயில் திருவிழாவில் நின்றது. காதில் கிடந்ததுதான் வாயில் வந்தது.

"அம்பாளின் அடியார்களே!"

கடற்கரையே சிரித்தது. உடனே பெட்டியைப் படபடவென்று தட்டினார்கள். தட்டினால் பாட்டைத் திரும்பப் போட வேண்டும், அது எங்கள் வழக்கம். முதலிலிருந்து போட்டேன். தட்டல் நிற்கவில்லை. இனி என்னைக் கலைத்துத் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சுரேன் கரகரத்த குரலில் சிரித்தான். "பாட்டையில்ல புள்ள, உன்னத்தான் திரும்பப் பேசட்டாம்!"

பேசினேன். "அடியார்களே, ஆடுங்கோ!" என்றேன். ஆடினார்கள்.

அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சியிலும் நான்தான் பேச வேண்டுமாம். ஓம் என்றுவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது நானே சொல்லிவிடுவேன்.