மேம்பாலத்தில் நிறுத்திய கார்

நவம்பர், வியாழக்கிழமை இரவு

அரசுக்கு அனுப்பும் அறிக்கை பற்றி இன்று அடையாறு அலுவலகத்தில் கூட்டம். சென்னையின் மழைநீர் வடிகாலுக்குக் கூடுதல் நிதி வேண்டும் என்ற பகுதியை எழுதியவள் நான். எங்கள் மேலாளர் அதை எடுத்துவிடச் சொன்னார்.

"மெட்ராஸுக்குக் கொட்டினது போதும்மா. எங்க மதுரைக்காரன் என்ன பாவம் பண்ணான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

"மதுரையிலேர்ந்து வேலைக்கு வர்றவங்களும் இங்கதான சார் முழங்கால் தண்ணியில நடக்கிறாங்க? நீங்களே மழைக்குப் பயந்து காரை மேம்பாலத்துல விட்டுட்டு ஆட்டோவுலதான வந்தீங்க?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, நாளைக்குக் காலையில அரசுச் செயலாளர்கிட்ட இதைப் பத்தி நீயே பேசு."

கோபமா, நம்பிக்கையா, தெரியவில்லை. என் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவரு காரு எங்க கீதுன்னு உனுக்கு இன்னாத்துக்குடி?"

எங்கள் பட்டினப்பாக்கத்தில் மழை வலுத்துவிட்டது. தெருவில் தண்ணீர் ஏறினால் பேருந்து வராது. நான் போகாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவார்கள். தண்ணீரால்தான் வர முடியவில்லை என்று சொன்னாலும், பேசப் பயந்தவளின் சாக்கு என்றுதான் நினைப்பார்கள்.