சந்தியில் இறக்கி வைத்த பெட்டி

என் அன்பான அக்கா,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? நான் இருக்கிறேன். காலையில் எழும்புகிறேன், மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன், வந்து ரொட்டி சுடுகிறேன். அழுகைதான் இன்னும் வரவில்லை. அதற்கும் நம் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற கமலம், "கூடப்பொறந்தவ போயிட்டா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, கல்லு நெஞ்சுக்காரி" என்றாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன்னை அடக்கம் செய்த அன்று நடந்தது எதுவும் உனக்குத் தெரியாதே. நாடு கடனில் விழுந்துவிட்டது, செலவைக் குறைக்கிறோம் என்று நம் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள். உன் மூச்சிழுப்புக்கு மருந்து வேண்டுமானால் பதுளைக்குப் போ என்றார்கள். பிறகு பதுளை பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஆட்டோக்காரருக்குப் பெட்ரோல் கிடைத்து அவர் வருவதற்குள் நீ மூச்சு வாங்கி வாங்கி என் மடியிலேயே போய்விட்டாய்.

மறுநாள் வழக்கப்படி சந்தியில் உன் பெட்டியை இறக்கி, தலைமாட்டைத் திருப்பி வைத்தார்கள். பொம்பளைகள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆம்பளைகள் மட்டும்தான் தூக்கிக்கொண்டு புதைக்கப் போவார்கள். தப்பு மேளம் அடித்தவர்கூட நிறுத்திவிட்டு, நாங்கள் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் நகரவில்லை. "தூக்காதீங்க" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, அக்கா.

"என்னா புள்ள, பைத்தியமா ஒனக்கு? நேரமாகுது" என்று மாமா அதட்டினார்.

"டிஸ்பென்சரியத் தொறக்கிறோம்னு யாராவது வந்து சொல்லட்டும் மாமா. அப்புறமா தூக்குங்க."

சொல்லிவிட்டு ரோட்டில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதலில் வந்து என்னோடு உட்கார்ந்தது யார் தெரியுமா? கமலம்தான். அவளுக்குப் பின்னால் நம்மோடு கொழுந்தெடுக்கிற அத்தனை பேரும். எல்லவுக்குச் சுற்றுலா போகிற வேன்களெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. மழை பிடித்தது. பெட்டி மேல் போட்டிருந்த சேலை நனைந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனசில் ஒன்றுமே ஓடவில்லை. பொழுது சாயும்போது ஓர் அதிகாரி வந்து, திறக்கிறோம் என்றார். அதன் பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சொன்னபடி திறந்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள். ஆனால் உன் மகள் சுகந்தி என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். "அம்மாவ மழையில நடுரோட்டுல போட்டுட்டீங்களே சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் பண்டாரவளைக்கு, கடை வேலைக்குப் போனவள்தான். நான் அவளுக்குப் போன் எடுத்தால் வைத்துவிடுவாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதானே. நீ சொல், நான் செய்தது உனக்கும் அவமானமா?

போன வாரம் டிஸ்பென்சரியை மறுபடியும் பூட்டிவிட்டார்கள். காசில்லையாம். கரண்ட் பில்லையும் வரியையும் எதிர்த்துப் பதுளையில் ஊர்வலம் போகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அதே சந்தியில் உட்காரலாம் என்று நம் லயத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். "ஒங்க அக்கா படத்தக் குடுங்கம்மா, பெரிசா பேனர் அடிப்போம். அதப் பாத்தாத்தான் நாலு பேரு வருவாங்க" என்றார்கள். உன் படம் சுகந்தியிடம்தான் இருக்கிறது. திட்டினாலும் திட்டட்டும் என்று அவளுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை அவள் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தியில் உட்காரப் போகிறோம், பேனருக்கு அம்மா படம் வேண்டும் என்றேன்.

"எங்கம்மாவ இன்னும் எத்தன தடவ ரோட்டுல வைப்பீங்க?"

சரி, படம் வேண்டாம்டி என்றேன்.

"படம் இல்லாட்டியும் நீங்க சந்திக்குப் போவீங்களா?" என்று கேட்டாள்.

"போவேன்டி."

"அங்கிட்டு மழ பெய்யும். கொடைய எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

படம் இல்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். இனி உன்னைக் காட்டி எதையும் கேட்க மாட்டேன், அக்கா. இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதே சந்தியில் உட்காரப் போகிறோம். இந்தத் தடவை உசிரோடு இருக்கிற எங்கள் முகத்தைப் பார்த்து அதிகாரிகள் பதில் சொல்லட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
மரகதம்