பழனாயி பேசிய டேப்

வேலம்பாளையம்,
11-7-1969.

தம்பி மருதாசலத்துக்கு அக்கா சுப்புலட்சுமி எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நேற்று வந்த உன் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துவிட்டேன். பிறகு துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடியும் படித்தேன். கோபம் குறையவில்லை.

சித்திரையில் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தாய். கொங்குப் பேச்சைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி, பெண்கள் இயல்பாகப் பேச வேண்டும் என்றாய். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் தம்பிதான், பேசுவது வெளியே போகாது என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். என்னை நம்பித்தான் பழனாயி பேசினாள்.

“துணி தேய்க்கிற காலண்டர் மிசின்ல உருளைக்கு முன்னால இருந்த தடுப்புக் கம்பி ஒடஞ்சு நாலு மாசமாச்சுங்க. ஒரு நாளைக்கு யாரு கையாச்சும் உள்ள போயிருமுங்க. மொதலாளிகிட்டச் சொல்லப் பயமா இருக்குதுங்க.”

ஊருக்குக் கிளம்பும்போது முதலாளி வீட்டில் காப்பி சாப்பிட்டதையும், அவர் ஆசைப்பட்டார் என்று டேப்பைப் போட்டுக் காட்டியதையும் நீயே பெருமையாகச் சொன்னாய். இது நல்லதுக்கில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அது என் தப்பு.

மறுநாளே முதலாளி பழனாயியை மடிப்பு வேலையிலிருந்து எடுத்து அதே மெஷினில் போட்டார். அந்த மெஷினைப் பற்றி அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமாம். கம்பியை மட்டும் மாற்றவில்லை. வைகாசிக் கடைசியில் அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இப்போது தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணையில், கம்பி உடைந்த விஷயமே தனக்குத் தெரியாது என்கிறார் முதலாளி.

அந்த டேப் வேண்டும் என்று கேட்டால், பேசியவர் யார் என்று வெளியே சொல்வது ஆராய்ச்சி ஒழுங்குக்கு விரோதம் என்று எழுதுகிறாய். முதலாளி வீட்டில் உட்கார்ந்திருந்த அன்று அந்த ஒழுங்கு எங்கே போயிற்று? பழனாயி பேச்சில் வரும் ‘ங்க’வைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியதாகவும், பேராசிரியர் மெச்சியதாகவும் வேறு எழுதியிருக்கிறாய். பயந்து பயந்து அவள் சொன்ன ‘ங்க’ அது. எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணத் தெரிந்த உனக்கு, என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லையா?

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “தம்பி டேப்பக் கொண்டுட்டு வருமுங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாள். வருவான் என்று சொல்லிவிட்டேன்.

சாட்சி சொல்ல என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இதை எழுதினால் நீ பணம் அனுப்புவாய். பணம் அனுப்பாதே.

21-ந் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். சென்னிமலை முருகன் வழியில் ஒரு குறையும் இல்லாமல் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
சுப்புலட்சுமி.