அம்மா மருந்து கேட்டாள்

இராஜபாளையம்
புதன் இரவு

கர்த்தருக்குள் அன்பான வேதமணி மாமா அவர்களுக்கு, மருமகள் ஞானரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே சுகமில்லை. அப்பா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அம்மாவுக்கு ஞாபகார்த்த ஆராதனை. அம்மாவின் ஜீவிய சரித்திரத்தை நான் வாசிக்க வேண்டுமாம். மகள் வாசித்தால்தான் சபையார் மனம் உருகும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எழுதியது அப்பா. பிறந்தது வத்திராயிருப்பு, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கடைசியில், காய்ச்சலில் கிடந்தபோதும் மருந்தைத் தொட மறுத்து, ஜெபமே போதும் என்று சொல்லி நித்திரையடைந்தாள் என்று முடித்திருக்கிறார்.

மாமா, அது பொய். அடக்கத்தன்று உங்களிடமும் அதையே சொன்னார்கள். நீங்களும் என் தங்கச்சி அப்பேர்ப்பட்ட விசுவாசி என்று தலையை ஆட்டினீர்கள். உங்கள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மருந்து பாவம் என்கிற அந்த ஜெபக்கூட்டத்தில் அப்பா சேர்ந்த பிறகு வீட்டில் மருந்தே கூடாது. ஆனால் அம்மா மருந்து கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று அப்பாவைக் கெஞ்சினாள். அண்ணனுக்கு ஆள் விடு ஏட்டி என்று என்னிடம் சொன்னாள். நான் வாசல் வரை போனேன். அப்பா கதவைத் தாழிட்டு, முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அத்தை சுவருக்கு மேலே நீட்டிய கசாயத்தைச் சாக்கடையில் ஊற்றினார். ஏன், உங்க சாமிக்குக் கசப்பு ஆகாதோ என்று அத்தை கேட்டார்.

முதலில் அவர் வேண்டுமென்றே பொய் எழுதுகிறார் என்று நினைத்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி இப்போது அவரே நம்புகிறார். அழுதுகொண்டே நம்புகிறார். அதுதான் எனக்குப் பயம். திங்கட்கிழமையிலிருந்து தம்பி சத்தியநேசனுக்கும் அதே காய்ச்சல். டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். உங்க அம்மா மருந்து கேட்டாளா என்றார். கேட்டாள் என்றேன். கன்னத்தில் அறைந்தார். இதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. எழுதினதை எழுதினபடி வாசிக்காவிட்டால் இனிப் பள்ளிக்கூடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

தம்பி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அவன் உள்ளங்கை கொதிக்கிறது.

சீனியம்மாள் அத்தை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார். இதை உங்கள் ஊர் வத்திராயிருப்பு பஸ்காரரிடம் சேர்ப்பதாகச் சொன்னார். கிடைத்ததும் புறப்படுங்கள். அப்பாவோடு சண்டை போட வேண்டாம். சண்டை போட்டால் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவார், பொழுது போய்விடும். நேரே உள்ளே வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை நான் வாசிக்க மாட்டேன். அம்மா கேட்டதை அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். ஆனால் தம்பி இந்த வீட்டில் கிடக்கும்போது அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவன் உங்கள் கையில் இருக்கிறான் என்று தெரிய வேண்டும்.

ஆசீர்வாதம் எழுதிப் பதில் போட வேண்டாம். தபால் அப்பா கையில்தான் வரும். நீங்கள் வாருங்கள் மாமா.

தங்கள் மருமகள்,
ஞானரத்தினம்