நோ என்றால் வலி

ஒக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹந்தானை மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. குடை பஸ்ஸோடு போயிற்று.

ஹோர்மோன் மருந்து எடுக்கும் திருநங்கைகள், திருநம்பிகளின் உடல்நலம் பற்றிய ஆய்வு. கேள்விகளைத் தமிழில் எழுதியது நான். திருத்தியது டாக்டர் சிவகௌரி, யாழ்ப்பாணத்தவர். நான் எழுதிய 'கால் வலி, கடுப்பு' வெட்டப்பட்டு 'கால் நோ' ஆனது. அவர்கள் ஊரில் நோ என்றால் வலி. மலையகத்தில் யார் சொல்கிறார்கள்? கேட்டேன்.

"நோ எண்டா ஆருக்கும் விளங்கும் மாஸ்டர்."

ஆயுள் முழுக்கத் தமிழ் படிப்பித்தவனுக்கு இந்தப் பதில். பாடசாலை அதிபர் பதவியை என்னிடமிருந்து தட்டிப் பறித்தவர்களும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே வெட்டினார்கள்.

செவ்வாய்

மழை. வாங்க வேண்டியவை: அரிசி, தேயிலை, பல்ப், குடை.

நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை. இன்று கவிதா, திருநங்கை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வீடு, டவுன் தையல் கடையில் வேலை. டாக்டர் கேட்கிறார்:

"கெண்டைக்காலில நோ இருக்கோ?"

"நோங்க டாக்டர்." சிரிப்பு. "நமக்கும் இங்கிலீசு வரும்ல."

டாக்டரும் சிரிக்கிறார். 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்வி.

பதிவின் கடைசியில் கதிரை நகரும் சத்தம். கவிதாவின் குரல்: "மெதுவாத்தாங்க எந்திரிக்கணும். எடது காலு மட்டும் கடுக்குது, வீங்கிக் கெடக்கு. மேடு ஏறி எறங்குறதுல."

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு கால் மட்டும். பயிற்சியில் டாக்டரே சொன்னது: மாத்திரை எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அது நெஞ்சுக்கு ஏறினால் உயிர் போகும்.

முதலில் வந்தது மகிழ்ச்சிதான். வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைப் போட்டுக் காட்டலாம். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட அமைத்தாயிற்று. தேநீர் ஊற்றினேன். வெள்ளி வரை அந்தக் கால் தாங்குமா? டாக்டருக்கு அழைத்தேன்.

பதிவைப் போட்டுக் காட்டினேன். "ஓம். பிழை என்ர. இப்பவே அவவோட கதைக்கிறன்."

வாதாடுவார் என்று தயாராக இருந்தேன். வாதாடவில்லை. அதுவும் எரிச்சல்.

புதன்

மழை விட்டது. கவிதா ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறாள். டாக்டரின் அறையில் தொலைபேசி ஸ்பீக்கரில்.

"போன தடவ ஆம்பள வார்டுல போட்டாங்க. போர்வைய விட்டு மூஞ்சிய வெளிய எடுக்கல. காலு போனா போகட்டுங்க."

"உயிருக்கு ஆபத்தம்மா, விளங்குதோ?" டாக்டர் கெஞ்சினார். பலிக்கவில்லை.

நான் தொலைபேசியைப் பிடுங்கினேன். "நீ செத்தா சாவு நோட்டீஸ்ல ஐடென்டிட்டி கார்ட்ல இருக்க ஆம்பளப் பேரத்தான் அடிப்பாங்க. சரியா?"

டாக்டர் என்னை முறைத்த முறைப்பு.

மறுமுனையில்: "யாருங்க இந்த ஆளு? வாயி பூரா வெஷம்." பிறகு: "எந்த கேட்டுக்கு வரணும்?"

வியாழன்

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. தொடை வரை இரத்தக்கட்டி. ஊசி போடுகிறார்கள். பெண்கள் வார்டில் ஓரக் கட்டில். டாக்டர் சிவகௌரி நேற்றே சண்டை பிடித்து வாங்கியது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று அவருக்கு விரிவுரை, மொழிபெயர்க்க என்னை அனுப்பினார். கவிதாவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் படுக்கையில் பயத்தோடு கிடக்கும்போது தமிழ்தான் வருகிறது.

வார்டு டாக்டர் இளைஞர், சிங்களவர். நின்றபடியே, தாளைப் பார்த்தபடியே: ஹோர்மோன் மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும், இனி அந்தப் பேச்சே இல்லை என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

கவிதா எழுந்து உட்காரப் பார்த்தாள். "நிப்பாட்டுனா மறுபடி அந்த ஆம்பள மூஞ்சிதான் வரும். அந்த மூஞ்சியோட உசுர வச்சு நான் என்னத்த பண்ண? கால காப்பாத்துற மாதிரி வேற மருந்து இருக்கானு கேளுங்க. அப்புடியே சொல்லுங்க. பள்ளிக்கூட பாஷ வேணாம்."

நயமாக்கிச் சொல்லியிருக்கலாம். மூஞ்சி, உசுரு, எல்லாம் அப்படியே சிங்களத்தில் போட்டேன்.

வார்டு டாக்டர் தாளிலிருந்து கண்ணெடுத்து அவளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.