பந்து குளிக்கிறது

ஆவணி 12, வெள்ளி இரவு. சூரமங்கலம்.

இந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து செல்லம்மா கக்கூசுக்குள் போக மறுத்து வந்தாள். ஊரில் காட்டுப் பக்கம் போய்ப் பழகிய குழந்தை. சங்கிலியை இழுத்ததும் தலைக்குமேல் தொட்டி இரைவதைக் கேட்டு அலறினாள். அடக்கி அடக்கி வயிறு கல்லாகியிருந்தது. நாளைக்கும் போகாவிட்டால் ஊருக்கே அனுப்பிவிடுவதாக அவள் அப்பா காலையில் சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பிரிந்து நான் எப்படி இருப்பேன்?

மத்தியானம் நாற்காலியில் ஏறித் தொட்டியின் மூடியை எடுத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் மடமடவென்று இறங்க, உள்ளேயிருந்த செம்புப் பந்தும் இறங்கியது. குழாய் திறந்து தண்ணீர் ஏற ஏறப் பந்தும் மிதந்து மேலே வந்தது. குழாய் தானே அடைபட்டு இரைச்சல் நின்றது.

"பந்து குளிக்குதாம்மா?"

"ஆமா சாமி. நீ போய் உக்காந்து எந்திரிச்சாத்தான் மறுபடி குளிக்கும்."

என் விரலைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். போனாள்! சங்கிலியையும் அவளே இழுத்தாள்.

"உன் காலேஜுப் படிப்பு கக்கூஸ் தொட்டிக்குத்தான் ஆச்சாக்கும்" என்று சாயங்காலம் அவர் சிரித்தார். ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை.

தூங்குகிறாள். வயிறு மெத்தென்றிருக்கிறது. நாளைக்கும் இதேபோல் போய்விட்டால் என்னோடேயே இருப்பாள்.